லேசாகத் திக்கும் மகளை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா?

நீங்கள் எழுதியிருந்தது நீளமான கேள்வி. மகள் பேரணாம்பட்டு பக்கத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், உயிரியல் குரூப். நீட்டில் எம்.பி.பி.எஸ். கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. பேச்சு, செவித்திறன் சம்பந்தமாக ஒரு படிப்பு இருக்கிறது, வேலூரிலேயே படிக்கலாம் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னாராம். வேலை கிடைக்குமா, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா, இங்கிலீஷ் சரியாக வராமல் சமாளிக்க முடியுமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “பாப்பாவுக்கே லேசாகத் திக்கும், அதனால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ?” நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

திக்குகிறது என்பதற்காக இந்தப் படிப்பிலிருந்து ஒரு பெண்ணைத் தள்ளிவைக்க எந்தக் காரணமும் கிடையாது. இந்தத் துறையைக் கட்டி எழுப்பியவர்களிலேயே திக்கியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் படித்து, திக்குவாய் பற்றிய ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்ட வெண்டல் ஜான்சன், சார்லஸ் வான் ரைப்பர் இரண்டு பேருக்குமே திக்கும். தன் வாயில் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் இதற்குள் வந்தார்கள். நான் படித்த காலத்தில் எனக்கு ஒரு வருடம் மூத்த அக்கா ஒருவருக்குத் திக்கும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ‘ப’ என்ற எழுத்தில் நின்றுவிடுவார். எக்ஸாமினர் காத்திருப்பார். அவர் முடிப்பார். திக்குகிற பிள்ளைகள் அவர் முன்னால் உட்கார்ந்ததும் தோள் தளர்ந்து பேச ஆரம்பிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களில் வேறு யாராலும் முதல் நாளிலேயே அதைச் செய்ய முடிந்ததில்லை.

திக்குவதைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததையும் இன்னும் தெளிவாகாததையும் பிரித்தே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் எழுத்தில் “நாங்கள்தான் சின்ன வயதில் மிரட்டிவிட்டோமோ” என்று ஒரு வருத்தம் தெரிகிறது. திக்குவது பயத்தால் வரும் நோய் கிடையாது, நாக்கு தடிப்பதால் வருவதும் கிடையாது. அது குடும்பத்தில் தொடரும். மரபணுவுக்கும், மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்துக்கும் அதில் பங்கு உண்டு. சின்னப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது ஒரு கட்டத்தில் திக்கும், அதில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு அது நிலைத்துவிடுகிறது, ஆண்களுக்கே அதிகம். பெற்றோர் தவறு கண்டுபிடித்துக்கொண்டே இருப்பதால்தான் திக்கல் உண்டாகிறது என்று ஜான்சன் ஒரு காலத்தில் சொன்னார். அந்தக் கொள்கையை இப்போது யாரும் ஏற்பதில்லை. ஆகவே உங்கள் மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். தெளிவாகாதது எது என்றால், எந்தப் பிள்ளைக்குத் தானாகப் போகும், எந்தப் பிள்ளைக்கு நிலைத்துவிடும் என்பதுதான். அதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. பதினேழு, பதினெட்டு வயதிலும் போகாத திக்கலை முழுக்கப் போக்கிவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பயிற்சியால் இறுக்கம் குறையும், பேசப் பயப்படுவது நிற்கும். அதுவே பெரிய விஷயம்.

சரி, நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு முடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் ஆஸ்பத்திரி வேலை, அப்புறம் குடியாத்தத்தில் சின்னதாக ஒரு தெரபி சென்டர். என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசி குழந்தைகள். ஐ.சி.யூ.வில் விழுங்க முடியாத நோயாளிகளைப் பார்க்கும் வேலையும் எங்கள் துறையில் பெரிய பகுதிதான், ஆனால் அதில் எனக்கு அனுபவம் குறைவு. அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்.

படிப்பின் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது செவித்திறன், பேச்சு, மொழிக் குறைகளுக்கான இளநிலைப் பட்டம். மொத்தம் நான்கு வருடம், கடைசி ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். காது ஒரு பாதி, பேச்சும் மொழியும் இன்னொரு பாதி, இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். எம்.எஸ்சி. போகும்போது பெரும்பாலான இடங்களில் ஆடியாலஜி, ஸ்பீச் லாங்குவேஜ் பேத்தாலஜி என்று இரண்டாகப் பிரிந்துவிடும். ஆரம்பத்தில் உடற்கூறு, ஒலியியல், மொழியியல், உளவியல், நரம்பியல் எல்லாம் வரும். பயாலஜி படித்த பிள்ளைகள் உடற்கூறில் தடுமாற மாட்டார்கள். டெசிபல், ஹெர்ட்ஸ் என்று ஒலியியல் வரும்போதுதான் முழிப்பார்கள். பிளஸ் ஒன் பிசிக்ஸ் புத்தகத்தில் அலைகள் பாடத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து குழந்தைகளின் மொழி வளர்ச்சிக் குறைகள், உச்சரிப்புக் குறைகள், அன்னப் பிளவு, குரல் பிரச்சினை, திக்குவாய், பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சுப் போவது, காது மெஷின், காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் கருவி) என்று போகும். கிளினிக் வேலையும் கூடவே நடக்கும்.

எங்கே சேர்ப்பது என்பதில் ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தியாவில் இந்தப் படிப்பை நடத்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலின், அதாவது ஆர்.சி.ஐ.யின் அனுமதி வேண்டும். 1992ஆம் வருடச் சட்டத்தால் வந்த அமைப்பு அது. படித்து முடித்ததும் அவர்களுடைய மத்தியப் பதிவேட்டில் பதிவு எண் வாங்கினால்தான் தொழில் செய்யலாம். அனுமதி ஒரு தடவை கிடைத்தால் ஆயுசுக்கும் என்று இல்லை, குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்குத் தருவார்கள். ‘அப்ளை பண்ணியிருக்கிறோம், வந்துவிடும்’ என்று சொல்லும் இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அப்படிக் கட்டிவிட்டு மூன்றாம் வருடத்தில் அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். வேலூரில் சி.எம்.சி.யில் இந்தப் படிப்பு உண்டு, இடங்கள் கொஞ்சம்தான். சென்னைப் பக்கம் போரூர் ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்றவை இருக்கின்றன. நாட்டிலேயே பெரியது மைசூர் மானசகங்கோத்ரியில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம். 1965இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், மைசூர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. காட்பாடியில் ரயில் ஏறினால் மைசூரில் போய் இறங்கலாம், பயப்படுகிற தூரம் இல்லை. சேர்க்கை விதியும் கட்டணமும் வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் இந்த வருட பிராஸ்பெக்டஸை மட்டுமே நம்புங்கள்.

இனி இங்கிலீஷ் விஷயம். புத்தகம் எல்லாம் இங்கிலீஷ்தான், பரீட்சையும் இங்கிலீஷ்தான். முதல் ஆறு மாதம் கஷ்டப்படுவாள், அதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ஆனால் அங்கே வரும் கலைச்சொற்களில் பாதி கிரேக்கமும் லத்தீனும். அவை கான்வென்டில் படித்த பிள்ளைக்கும் புதிதுதான். இரண்டாம் வருடம் கிளினிக்கில் கால் வைத்த பிறகு நிலைமை தலைகீழாக மாறும். அங்கே கருவியே தமிழ்தான். ஒரு குழந்தை எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதைத் தமிழ் காதில் ஊறியவர்தான் பிடிக்க முடியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி தென் மாவட்டத்துப் பெண், நன்றாகப் படிப்பாள். பள்ளிகொண்டா பக்கத்துப் பையன், நாலரை வயது. படத்தைக் காட்டி “நாய் எங்கே இருக்கு?” என்று கேட்டாள். அவன் “கட்டிலுக்கு அடியில கீது” என்றான். வாழைப்பழத்தைக் காட்டியபோது “வாயப்பயம்” என்றான். இரண்டையும் தவறு என்று கேஸ் ஷீட்டில் குறித்து, உச்சரிப்புப் பயிற்சி தேவை என்று எழுதிவிட்டாள். நான் வெளியே உட்கார்ந்திருந்த பாட்டியைக் கூப்பிட்டு, “பையன் சாப்ட்டானா?” என்றேன். “இப்பதான் வாயப்பயம் துன்னுகினு கீறான்” என்றார் பாட்டி. அந்தப் பெண் பேனாவை எடுத்துத் தான் எழுதியதை அடித்தாள். வட ஆற்காட்டில் ‘கீது’ என்பது குறை கிடையாது, அது அந்த வீட்டு மொழி. ‘ழ’ இங்கே ‘ய’ ஆகும், தெற்கே போனால் ‘ள’ ஆகும், ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அதே பையன் ‘கட்டில்’ என்பதைத் ‘தத்தில்’ என்று சொல்லியிருந்தால், நாலரை வயதில் அதைக் கவனிக்கத்தான் வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேரணாம்பட்டில் பிறந்த உங்கள் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழுக்கென்று நம் வட்டார வழக்குகளையும் கணக்கில் எடுத்துச் செய்த சோதனைகள் போதுமான அளவில் இல்லை. அவளைப் போன்றவர்கள் வந்துதான் அந்தக் குறை தீரும்.

வேலூரில் படித்தால் பல மொழிக்காரர்களைப் பார்க்கும் அனுபவமும் கிடைக்கும். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பெங்காலிப் பலகை போட்ட லாட்ஜ்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து உருது பேசுகிறவர்கள், சித்தூர் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுகிறவர்கள் வருவார்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் இங்கிலீஷ் என்று இருக்கும் பிள்ளை பேசத் தாமதமானால், மொழிகள் அதிகமானதுதான் காரணம் என்று சொல்லி வீட்டு மொழியை நிறுத்தச் சொல்வார்கள். அது தவறு. இரண்டு மொழி கேட்பதால் மொழிக் குறை வருவதில்லை.

காது பக்கத்தைப் பற்றி. பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இருக்கிறதா என்று உறுதி, ஆறு மாதத்துக்குள் மெஷினும் பயிற்சியும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. நடைமுறையில் நம் பக்கத்தில் இரண்டு வயது, இரண்டரை வயதுக்குத்தான் கூட்டி வருகிறார்கள். “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அக்கா மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது நம் பக்கத்தில் சாதாரணம். சொந்தத்தில் கட்டினால் பிறவிச் செவிடு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு அதனால்தான் வந்தது என்று மரபணுச் சோதனை இல்லாமல் யாரும் சொல்லக் கூடாது. அந்தத் தாயிடம் அதைச் சொல்லும் விதம் பாடத்தில் வராது, பார்த்துத்தான் கற்க வேண்டும்.

பீடி சுற்றும் ஒரு அம்மா, மூன்று வயது மகள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் செய்கிறார்கள், அதில் செய்தது. அறுவை முடிந்து சில வாரம் கழித்துக் கருவியை ஸ்விட்ச் ஆன் செய்வார்கள். அன்றே குழந்தை பேசிவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அன்றைக்குத்தான் அந்தக் குழந்தையின் காது பிறக்கிறது. தினமும் ஆறு ஒலிகளைக் கேட்க வைத்துச் சோதிப்போம்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். வாய் அசைவு தெரியாமல் மறைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், கேட்டால் குழந்தை ஒரு மணியை டப்பாவில் போட வேண்டும். அந்த அம்மா பொம்மை எதுவும் வாங்கவில்லை. எவர்சில்வர் டம்ளரும் ஒரு பிடி புளியங்கொட்டையும் கொண்டு வந்தார். பீடி முறத்தை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘ஊ’ என்பார். கொட்டை டம்ளரில் ‘டங்’ என்று விழும். ‘ஸ்’ மட்டும் இரண்டு மாதம் விழவே இல்லை. ஒவ்வொரு நாளும் சொல்வார், குழந்தை கொட்டையைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு காத்திருக்கும், கை அசையாது. மேப்பிங் மாற்றினோம், அதாவது கருவியின் மின் அளவுகளைத் திருத்தினோம். ஒரு செவ்வாய்க்கிழமை ‘ஸ்’ஸுக்கும் கொட்டை விழுந்தது. அம்மா முறத்தை இறக்கவில்லை. அதற்குப் பின்னாலேயே சிறிது நேரம் இருந்தார். உங்கள் மகள் பண்ணப்போகும் வேலை இப்படித்தான் இருக்கும். ஒரு ஒலிக்கு இரண்டு மாதம்.

இதில் எங்களுக்குள்ளேயே தீராத ஒரு வழக்கும் உண்டு. காக்ளியர் இம்ப்ளான்ட் செய்த குழந்தைக்கு சைகை மொழி காட்டக் கூடாது, காட்டினால் பேச்சு வராது என்று எனக்குச் சொல்லித்தந்தார்கள். காது கேளாதோர் சமூகத்தில் பலர் சைகை மொழிதான் தங்கள் தாய்மொழி என்கிறார்கள், அதைப் பிடுங்கிக்கொள்வது அநியாயம் என்கிறார்கள். இம்ப்ளான்ட் செய்த எல்லாக் குழந்தைகளும் நன்றாகப் பேசிவிடுவதில்லை. ஒரே வயதில் செய்த இரண்டு பேரில் ஒருவர் பள்ளியில் பாட்டுப் பாடுவார், இன்னொருவர் பத்து வார்த்தையில் நிற்பார். காரணங்களில் சிலவற்றைத்தான் எங்களால் சொல்ல முடியும். நான் இப்போது எந்தத் தாயிடமும் கையைக் கட்டிப்போடச் சொல்வதில்லை. ஏதாவது ஒரு மொழி குழந்தைக்கு நேரத்தோடு கிடைத்தாக வேண்டும் என்பது மட்டும் உறுதி.

பெரியவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லுங்கி நெய்கிற நெசவாளி ஒருவர், ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்து பேச்சும் போனது. சொல்வது எல்லாம் புரியும், வார்த்தைதான் வராது. மூளையின் இடது முன்பகுதியில் அடிபட்டால் இப்படி ஆகும் என்று 1861இல் பிரான்ஸில் பால் புரோக்கா கண்டறிந்த வகை. “எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டேன். வாயைத் திறக்கிறார், வரவில்லை, கண்ணில் தண்ணீர். “ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க” என்று விரலை நீட்டினேன். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று வந்து, மூணில் நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பிள்ளைகள். பழகிப்போன வரிசைச் சொற்கள் இப்படித் தங்கியிருக்கும், அதைப் பிடித்துத்தான் மேலே ஏற்ற வேண்டும். எவ்வளவு தூரம் ஏறும் என்பது அடிபட்ட இடத்தையும் அளவையும் பொறுத்தது. பழையபடி ஆகிவிடும் என்று வாக்குக் கொடுக்கிற தொழில் இது இல்லை.

உங்கள் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. டாக்டர் என்று போட்டுக்கொள்ள முடியாது, பிஎச்.டி. முடித்தால்தான். வேலை கிடைக்கும். ஆஸ்பத்திரி, குழந்தைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்துப் பார்க்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள், சிறப்புப் பள்ளிகள், தனியார் தெரபி சென்டர், காது மெஷின் கம்பெனி என்று இடங்கள் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கில் செவித்திறன் குறை உள்ளவர்கள் மட்டும் நாட்டில் 50 லட்சத்துக்கு மேல், அவர்களைப் பார்க்கப் படித்தவர்களோ மிகக் குறைவு. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, எம்.எஸ்சி. முடித்தால் நிலைமை மாறும். மெஷின் கம்பெனிகள் எடுத்த எடுப்பில் அதிகம் தருவார்கள், ஆனால் மாதத்துக்கு இத்தனை மெஷின் விற்க வேண்டும் என்று டார்கெட் வைப்பார்கள். விசைத்தறியில் இருபது வருடம் நின்று காது மங்கிய ஒரு மனிதருக்கு விலை குறைந்த மெஷினே போதும் என்று தெரிந்தும் விலை கூடியதைக் காட்ட வேண்டிய நிலை வரும். முதல் மூன்று வருடம் நோயாளிகள் நிறைய வரும் ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்வேன். அமெரிக்கா போக வேண்டும் என்றால் இந்த இளநிலைப் பட்டம் போதாது, பேச்சுத் துறைக்கு முதுகலை, செவித்துறைக்கு அங்கே முனைவர் நிலைப் படிப்பு தேவை. அதை இப்போது யோசிக்க வேண்டாம்.

எம்.பி.பி.எஸ். கிடைக்காததால் இது என்று நினைத்துச் சேர்க்காதீர்கள், அதுதான் என் ஒரே கவலை. அப்படி வந்த பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் நீட் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கிளினிக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் நிம்மதி இல்லை, எதிரே இருக்கும் குழந்தைக்கும் பயன் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வார நாளில் காலை ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு பேச்சுப் பயிற்சிப் பிரிவின் வெளியே அவளை இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள். உள்ளே போகும் தாய்மார்களையும் வெளியே வரும் பிள்ளைகளையும் பார்க்கட்டும். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என்ன பேசுகிறாள் என்று கவனியுங்கள். பிடித்திருந்தால் அவளுக்கே தெரியும்.

அப்புறம் கல்லூரிக்குப் போன் செய்து ஆர்.சி.ஐ. அனுமதி எந்தக் கல்வியாண்டு வரைக்கும் இருக்கிறது, எத்தனை இடம், இந்த வருடம் சேர்க்கை எதன் அடிப்படையில் என்ற மூன்று கேள்வியையும் கேட்க வேண்டும். அதை நீங்கள் கேட்காதீர்கள். போனை அவள் கையில் கொடுங்கள். ‘அனுமதி’யில் நின்றால் நிற்கட்டும், பக்கத்திலிருந்து வார்த்தையை எடுத்துக் கொடுக்காமல் இருங்கள். எதிர்முனையில் இருப்பவர் அவள் முடிக்கும்வரை காத்திருக்கிறாரா என்பதையும் அவள் குறித்துக்கொள்ளட்டும். நான்கு வருடம் அவள் இருக்கப்போகிற இடம் அது.